டப்பாவில் பத்துக் கல்

நம்ம பழைய பால்வாடிக் கட்டடத்தை இடித்துப் போட்டிருக்கும் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது யாரென்று எனக்குத் தெரியும். பேர் சொல்லப் போவதில்லை. படத்தைப் போட்டதோடு விட்டிருக்கலாம். "ஆளுக்கு ஒரு ஞாபகம் எழுதுங்க" என்று வேறு சொல்லிவிட்டீர்கள். ஐம்பதைத் தாண்டிய கிழடு கட்டைகள் எல்லாரும் வரிசையாக எழுதினீர்கள். சத்துமாவு உருண்டை, கோரைப்பாய், ஸ்பூனில் ஊற்றும் மஞ்சள் சொட்டு மருந்து, டீச்சரின் குடை. நான் மட்டும் எழுதவில்லை என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டீர்கள்.

போன செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் எழுதியிருந்தால் சிரிப்புக் கதையாக எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுத வரவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் அடுப்பு மேடையைத் துடைக்கிறேன், திரும்பி வருகிறேன். அடுப்பு மேடை இன்றைக்கு ஆறாவது முறையாகச் சுத்தமாகிவிட்டது. எனக்கு உட்காரவே வராது, உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அப்போதும் அப்படித்தான். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே போகும் மண் சந்தில், ஓடு போட்ட ஒற்றை அறை. களை பறிக்க, கடலை பிடுங்க, மூட்டை தூக்கப் போகிறவர்கள் எல்லாம் காலையில் நம்மைக் கொண்டுவந்து அங்கே தள்ளிவிட்டுப் போவார்கள். அரசாங்கம் சோறு போட்டது. டீச்சர் பாட்டும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் தட்டை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு எல்லாரும் பாயில் படுக்க வேண்டும், தூங்க வேண்டும். நீங்கள் எல்லாம் நல்ல பிள்ளைகள், வாயைப் பிளந்துகொண்டு தூங்கினீர்கள். எனக்குத் தூக்கம் வராது. ஓட்டில் எத்தனை விரிசல் என்று பார்ப்பேன், பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் காதில் ஊதுவேன். "உனக்கு இன்னாடி, காலுல சக்கரமா கட்டியிருக்குது?" என்பார் டீச்சர். தட்டை நகர்த்திக்கூட சத்தம் போடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். காது மட்டும் திறந்தே இருக்கும்.

அந்த எண்ணும் கற்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓடையிலிருந்து பொறுக்கி வந்த, எலுமிச்சம்பழம் அளவு வழவழப்பான பத்துக் கற்கள். டீச்சரே அவற்றுக்குக் காவி பூசி, காயவைத்து, ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒன்று, இரண்டு என்று பாயில் வரிசையாக வைத்து எண்ண வேண்டும். மழை நாளில் ஈரக் கையால் தொட்டால் கை முழுக்கச் சிவப்பாகிவிடும். பத்தும் டப்பாவுக்குத் திரும்பினால்தான் அன்றைக்குப் பாடம் முடியும். ஒன்று குறைந்தாலும் டீச்சர் நம் எல்லாருடைய மடியையும் உதறிப் பார்ப்பார்.

இப்போது என் தம்பி கதைக்கு வருகிறேன். அந்த ஐப்பசியில் எனக்கு ஐந்து வயது, அவனுக்கு ஒன்றரை. அவனுக்குப் பால்வாடியில் இடம் கிடையாது. ஆனால் உருண்டை உண்டு. காலையில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், உருண்டை வாங்கி அங்கேயே ஊட்டிவிட்டு, அம்மா களைக்குப் போகும் வழியில் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். வறுத்த மாவும் வெல்லமும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால் என் இடுப்பு தானாக ஒரு பக்கம் சாய்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் உருண்டையில் நான் ஒரு துணுக்குகூடத் திருடியதில்லை. விரலில் ஒட்டியதை நக்கியிருப்பேன், அவ்வளவுதான்.

உருண்டை எல்லாக் குழந்தைக்கும் கிடைக்காது. மாதம் ஒரு முறை எடை பார்ப்பார்கள். வாசல் தாழ்வாரத்து உத்திரத்தில் ஒரு கொக்கி, அதில் கடிகாரம் போல முள் வைத்த தராசு, அதன் கீழே கால் விட இரண்டு ஓட்டை வைத்துத் தைத்த துணிப்பை. குழந்தையை அதில் மாட்டித் தொங்கவிடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு உருண்டை. ஏறிவிட்டால் உருண்டை நின்றுவிடும். அதுதான் அங்கே சட்டம். என் தம்பிக்கு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அவன் முள் நகரவே இல்லை.

ஒரு மத்தியானம், நீங்கள் எல்லாரும் தூங்கும்போது, அம்மா வந்தாள். புடவையில் முழங்கால் வரை சேறு. வாசற்படியில் நின்றபடியே பேசினாள்.

"டீச்சர், பழைய ஆயா வேலய விட்டு நின்னுடறாங்களாமே. அந்த வேலைக்கு என் பேரச் சொல்லுங்க டீச்சர். சமைக்கறது, பாத்திரம் கழுவறது, புள்ளைங்கள இட்டுனு வர்றது, எல்லாம் நானே பாத்துப்பேன்."

"நீ செய்வம்மா, எனக்குத் தெரியாதா?" என்றார் டீச்சர். "ஆனா பெரிய மேடம் ஜீப்ல வந்து இறங்கினதும் இன்னா கேப்பாங்க? இவ புள்ள எடை எவ்ளோன்னு கேப்பாங்க. உன் புள்ள மூணு மாசமா ஏறவே இல்ல. சொந்தப் புள்ளயத் தேத்த முடியாதவ நாப்பது புள்ளைங்கள எப்பிடிப் பாத்துப்பான்னு கேட்டா, நான் இன்னாம்மா பதில் சொல்றது?"

"நான் இன்னா டீச்சர் கொற வெக்கறேன்? என் வாய்க்குப் போறதயும் அவனுக்குத்தான் ஊட்டறேன்."

"தெரியுதும்மா. தீபத்துக்கு முன்னாடி ஒரு எடை இருக்குது. மேடமும் வர்றாங்க. அரைக் கிலோ ஏறட்டும், அன்னிக்கே உன் பேர எழுதி அனுப்பிடறேன். போ."

அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவள் காலிலிருந்து சேறு உலர்ந்து படியில் உதிர்ந்தது. ஆயா வேலை என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். வெயிலில் குனிய வேண்டாம், கீழ்பென்னாத்தூருக்குக் கடலை பிடுங்க விடிவதற்கு முன் ஓட வேண்டாம், அம்மா நாள் முழுக்க எனக்குப் பக்கத்திலேயே இருப்பாள். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி விஷயம்தான். அன்றிலிருந்து தினமும் தம்பியைத் தூக்கும்போது கனக்கிறானா என்று பார்ப்பேன். கனக்கவே மாட்டான். உருண்டையை வேகவேகமாகத் திணிப்பேன், அவன் துப்புவான், எனக்கு அழுகை வரும்.

மழை பிடித்துக்கொண்டது. மலை நாலு நாளாகக் கண்ணுக்கே தெரியவில்லை. தம்பிக்குச் சளி. செங்கம் ரோடு பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா யாருக்கோ கொடுத்து, அது எங்கெங்கோ சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு சிவப்பு ஸ்வெட்டர், அவன் முழங்கால் வரை தொங்கும். எடைக்கு முந்தின நாள் மத்தியானம் நான் பாயில் படுத்தபடி அந்த ஸ்வெட்டரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் டப்பாவைப் பார்த்தேன். டீச்சர் பின்பக்கம் போயிருந்தார். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து என் பாவாடைக்குள் போட்டுக்கொண்டேன். பத்தும். அன்று டீச்சர் டப்பாவைத் திறக்கவில்லை. மறுநாள் மேடம் வரும் பதற்றத்தில் கரும்பலகையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில், வீட்டுப் பின்னால் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்து, அம்மாவின் பழைய புடவைக் கிழிசலில் கற்களைச் சுற்றித் தம்பி இடுப்பில் கட்டினேன். மேலே ஸ்வெட்டரை இழுத்து விட்டேன். அவன் சிரித்தான், மடையன். தூக்கினேன், கனத்தான். ஜென்மத்தில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

பால்வாடி வாசலில் ஜீப் நின்றது. பெரிய மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அன்று கூலிக்குப் போகாமல், இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தம்பியின் முறை வந்தபோது டீச்சர், "ஸ்வெட்டரக் கழட்டும்மா" என்றார். ஆனால் அம்மா, "சளி புடிச்சுனு கெடக்கறான் டீச்சர், கழட்ட வேணாமே" என்றாள். "சரி விடு, ஸ்வெட்டருக்குக் கொஞ்சம் கழிச்சுக்கறேன்" என்று டீச்சர் அவனைப் பையில் மாட்டினார். முள் ஆடியது, நின்றது. டீச்சர் ஒரு முறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். எண்ணைச் சொன்னார். மேடம் அட்டையில் எழுதி, "பரவால்லையே, நல்லாத் தேத்தியிருக்கியேம்மா" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் எல்லாம் சிரிப்பு.

டீச்சர் தம்பியை இடுப்பைப் பிடித்து இறக்கி, உருண்டை கொடுக்கவென்று உள்ளே தூக்கிப் போனார். வெளியே வந்தபோது அவன் இடுப்பில் துணி இல்லை. எங்கேயோ அவிழ்ந்து விழுந்துவிட்டது என்று நான் வாசல் முழுக்கத் தேடினேன். சேற்றில் கையை விட்டுத் துழாவினேன். பயத்தில் எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் டீச்சர் டப்பாவைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை கற்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்தன. அண்ணாமலையாரே இறங்கி வந்து பொறுக்கிப் போட்டுவிட்டுப் போனார் என்று நான் நம்பினேன். ரொம்ப வருஷம் நம்பினேன், சிரிக்காதீர்கள்.

இன்னொன்றும் நடந்தது. எடை பார்த்த அன்று சாயந்திரம் அம்மாவை டீச்சர் வரச் சொல்லி அனுப்பினார். அம்மா போய்விட்டு வந்தாள். வந்தவள் என்னை அருகே இழுத்து, என் இரண்டு கையையும் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை நனைத்து அழுத்தித் துடைத்துவிட்டாள். வலித்தது. எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கை துடைத்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பியின் உருண்டை நிற்கவில்லை. எடை ஏறினால் நிறுத்த வேண்டும், ஆனால் டீச்சர் கொடுத்துக்கொண்டே இருந்தார். அம்மா ஆயாவாகப் போகிறாள், அதனால்தான் இந்தச் சலுகை என்று நான் கணக்குப் போட்டேன். தீபம் முடிந்து கூட்டம் கலைந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் பால்வாடி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தது என் அம்மா இல்லை. உங்களுக்கெல்லாம் ஆயாவாக இருந்தாரே, எங்கள் தெருவின் கோடி வீட்டு அத்தை, அவர்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய், "போயி கேளும்மா! எடைதான் ஏறிடுச்சே, போயி கேளு!" என்று தரையில் புரண்டு அழுதேன். அம்மா அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு களைக்குப் போய்விட்டாள்.

அதற்காக நான் அவளை மன்னிக்கவே இல்லை. மறைக்க என்ன இருக்கிறது, உங்களிடம்தானே சொல்கிறேன். பத்தாவதோடு என் படிப்பு நின்றபோது சொன்னேன். என் கல்யாணத்துக்கு ஒரு குண்டுமணி தங்கம் போட முடியாதபோது சொன்னேன். கோடி வீட்டு அத்தைக்கு வேலை நிரந்தரமாகி, ஓய்வு பெற்று, அவர் மகன் மெத்தை வீடு கட்டினபோது தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன். அம்மாவுக்கு முதுகு வளைந்து, நிமிர முடியாமல் போனபோது, அவளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னிக்கு ஒரு வார்த்த போயி கேட்டியா? வாயில இன்னா கொழுக்கட்டயா வெச்சுனு இருந்த? வேல வீடு தேடி வந்துச்சு, நீதான் தொலச்ச. உனக்குப் பயம். எல்லாத்துக்கும் பயம்." என் பங்குக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டேன், கோட்டை விட்டது அம்மா. இப்படித்தான் நாற்பத்தைந்து வருஷமாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு நாளும் பதில் பேசியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை தம்பி மகளின் குழந்தையை எடை பார்க்க அங்கன்வாடிக்குத் தூக்கிப் போனேன். ஆமாம், அந்தத் தம்பிதான். இப்போது கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டுகிறான், ஸ்டியரிங்குக்கும் தொப்பைக்கும் நடுவில் இடமே இல்லை. அங்கன்வாடி புதுக் கட்டடம், சுவரில் யானை, ஆமை. தராசும் புதுசு, எண் விளக்கில் எரிகிறது, அங்கிருக்கும் பெண் அதைப் பார்த்து செல்போனில் ஏற்றுகிறாள். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்ம டீச்சர். பக்கத்துத் தெருவில் மகளோடு இருக்கிறாராம், பொழுது போகாமல் தினமும் வந்துவிடுகிறாராம். தலை முழுக்க வெளுத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

என் முகத்தையே பார்த்தார். "நீ அந்தக் கல்லு கட்டனவ பொண்ணுதானே? அம்மா ஜாடை அப்பிடியே இருக்குது."

"யார் டீச்சர் கல்லு கட்டனது?"

"உங்கம்மாதான். உன் தம்பி இடுப்புல, என் காவிக் கல்லு பத்தையும்." ஏதோ சின்ன விஷயம் மாதிரிதான் சொன்னார். "இடுப்பப் புடிச்சு இறக்கறேன், கையில தட்டுப்படுது. பக்கத்துல மேடம். அங்கயே சொல்லியிருந்தா உங்கம்மா மானம் கப்பலேறியிருக்கும். உள்ள இட்டுனு போயி நானே அவுத்துட்டேன். சாயந்திரம் கூப்ட்டுக் கேட்டேன். ஆமா டீச்சர், நான்தான் கட்டனேன்னு சொன்னா. அழக்கூட இல்ல. அப்புறம் எப்பிடிம்மா அவ பேர எழுதறது? புள்ளைங்க சோத்துல கை வெக்கற வேலயாச்சே. ஆனா இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்ல. உன் தம்பி உருண்டயயும் நிறுத்தல. பாவம், அது இன்னா பண்ணும்?"

அந்தப் பெண் எங்களைக் கூப்பிட்டு, குழந்தையைத் தராசில் வைத்து, "எடை சரியா இருக்குதுங்க" என்றாள். எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் குழந்தையைத் திரும்பத் தூக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவளே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"டீச்சர், அது எங்கம்மா இல்ல. நான்."

"உனக்கு அப்போ அஞ்சு வயசு."

"நான் தூங்காம படுத்துனு இருந்தேன் டீச்சர். நீங்க அம்மாகிட்ட பேசினது எல்லாம் கேட்டேன்."

டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார், திரும்பச் சுற்றினார். "ஐயோ" என்றார் கடைசியில். "நான் அந்தக் கோடி வீட்டுக்காரி பேர எழுதிக் குடுத்துட்டேனே."

அங்கிருந்து தம்பி வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று தெரியாது. அம்மா உள்கூடத்தில் முறத்தை மடியில் வைத்துக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை இறக்கிவிட்டு நான் நின்றேன், உட்கார்ந்தேன், திரும்ப எழுந்தேன்.

"டீச்சரப் பாத்தேன்."

"நல்லா இருக்கறாங்களா? முட்டி வலின்னு சொன்னாங்க."

"கல்லு கதயச் சொன்னாங்க."

அம்மாவின் கை நின்றது. பிறகு இன்னொரு கடலையை எடுத்து உடைத்தாள். "ம்" என்றாள்.

"நான்தான் கட்டனேன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அன்னிக்குக் காலையிலயே பாத்தேன், உள்ளங்கை பூரா காவி. டீச்சர் கேட்டப்பதான் எதுக்குன்னு புரிஞ்சுது. சரியா கழுவக்கூடத் தெரியல உனக்கு."

"அப்புறம் ஏம்மா நீ கட்டனேன்னு சொன்ன?"

"பின்ன இன்னாடி சொல்றது? அஞ்சு வயசுப் பொண்ணு தானா கட்டுச்சுன்னா யாராச்சும் நம்புவாங்களா? நான் சொல்லிக் குடுத்து நீ செஞ்சதா ஆயிருக்கும். உன் பேரயும் வெட்டியிருப்பாங்க. அப்புறம் உனக்கு மத்தியான சோறு?"

"அந்த வேல போச்சேம்மா."

"போச்சு."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "இத்தினி வருசமா நான் உன்ன இன்னா இன்னா பேசியிருக்கேன்! தெரு பூரா கேக்கற மாதிரி! அப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நீதாண்டி கட்டனன்னு என் மூஞ்சில துப்பியிருக்கக் கூடாதா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ கத்துவ. கத்தி முடிச்சுட்டு, பசிக்குது சோறு போடுன்னு தட்ட எடுத்துனு வந்து நிப்ப. இது தெரிஞ்சுதுன்னா நீ கத்த மாட்ட. எங்கயாச்சும் ஒரு மூலையில சும்மா உக்காந்துப்ப. அத என்னால பாக்க முடியாதுடி."

நான் உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்து, காலை மடக்கி, அவள் சொன்ன மாதிரியே உட்கார்ந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. குழந்தை என் மடியில் ஏறி இறங்கியது. தெருவில் வேன் சத்தம் கேட்டது, தம்பி வந்துவிட்டான், சாப்பிட்டான், திரும்பப் போய்விட்டான். நான் அங்கேயே இருந்தேன். அம்மா உடைத்த கடலையை என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை. முறத்தை எடுத்தாள், வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், திரும்ப என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குடி இப்பிடி உக்காந்துனு இருக்க?" என்றாள். "ஏதாச்சும் கத்து."